குடிக்கலாம், இரத்தத்தில் கலக்கலாமா? டயாலிசிஸ் தண்ணீரின் அறிவியல்

கழிவு நீக்க மண்டலம் பாடத்தில் நெஃப்ரான் படம் வரைந்து பாகங்களைக் குறித்து முடித்ததும், ‘சிறுநீரகம் செயலிழந்தால் டயாலிசிஸ் செய்வார்கள்’ என்ற செய்தி வரும். வகுப்பில் பெரும்பாலும் சில நிமிடங்களில் கடந்துவிடும் பகுதி அது. ஆனால் எங்கள் தேவாரம் பகுதி மாணவர்களுக்கு அந்தச் சொல் இன்று புதிதல்ல. பெரியப்பா, அத்தை, பக்கத்து வீட்டுத் தாத்தா என்று யாரோ ஒருவர் ‘ரத்தம் சுத்தம் பண்ண’ தேனிக்கோ மதுரைக்கோ போய் வருவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை, ஜீப்பில் மலை ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். இப்போது வாரத்தில் இரண்டு நாள் போடி வழியாக பஸ் மாறி டயாலிசிஸுக்குப் போகிறார். கோடை விடுமுறையில் துணைக்குப் போய் வந்த அந்த மாணவி, பள்ளி திறந்ததும் என்னிடம் கேட்டாள்: “டீச்சர், ஆஸ்பத்திரிக்கு டேங்கர் லாரியில தண்ணி வருது. அந்தத் தண்ணியத்தான் அப்பாவுக்கு ஏத்துறாங்களா?”

மிக நல்ல கேள்வி. இதற்கு முழுமையாகப் பதில் சொல்ல வேண்டுமானால் பரவல், சவ்வூடு பரவல், நீரின் கடினத்தன்மை, அயனிப் பரிமாற்றம், நுண்ணுயிரியல், கொஞ்சம் கணக்கு என நாம் தனித்தனியாக நடத்தும் பல பாடங்களும் ஒன்றுசேர வேண்டும். நான் அவளுக்கும் அவளுடைய வகுப்புக்கும் விளக்கியதைச் சற்று விரிவாக இங்கே பகிர்கிறேன்.

ஓர் அமர்வுக்கு எத்தனை குடம்?

முதலில் ஒரு தெளிவு. டயாலிசிஸில் தண்ணீரை நோயாளியின் உடலுக்குள் நேரடியாக ஏற்றுவதில்லை. உடலிலிருந்து வெளியே எடுத்த இரத்தம் டயாலைசர் என்னும் உருளைக்குள் செல்கிறது. அதற்குள் மயிரிழை போன்ற ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் உள்ளன. குழாய்களுக்கு உள்ளே இரத்தம் ஓடுகிறது, வெளியே டயாலிசிஸ் கரைசல் எதிர்த்திசையில் ஓடுகிறது. இடையே இருப்பது மிக மெல்லிய சவ்வு மட்டும்தான். அந்தக் கரைசலின் மிகப் பெரும்பகுதி தண்ணீர். சோடியம், பொட்டாசியம், கால்சியம், பைகார்பனேட் போன்றவை அளவாகச் சேர்க்கப்படுகின்றன.

கரைசல் வழக்கமாக நிமிடத்துக்கு 500 மி.லி. வேகத்தில் ஓடும். ஓர் அமர்வு 4 மணி நேரம், அதாவது 240 நிமிடம். கணக்கிட்டால் 120 லிட்டர். 12 லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடத்தில் பத்துக் குடம்! வாரம் இரண்டு அமர்வு என்றால் ஆண்டுக்கு 12,480 லிட்டர். பெரிய டேங்கர் லாரி ஒன்றின் கொள்ளளவு அது.

நாள்தோறும் 2 லிட்டர் குடிக்கும் நாம் ஆண்டுக்குக் குடிப்பது 730 லிட்டர்தான். அதைப் போல 17 மடங்கு தண்ணீர் அந்த நோயாளியின் இரத்தத்தை உரசிச் செல்கிறது. ஆனால் அவர் நாளொன்றுக்குக் குடிக்க அனுமதிக்கப்படும் தண்ணீரோ அளந்து வைத்த சில டம்ளர்தான். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டபோது வகுப்பு சற்று நேரம் அமைதியாகிவிட்டது.

சவ்வு ஓர் இருவழிப் பாதை

செறிவு அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குப் பொருள்கள் நகர்வது பரவல். இரத்தத்தில் யூரியா அதிகம், கரைசலில் யூரியா இல்லை. ஆகவே யூரியா சவ்வைக் கடந்து வெளியேறுகிறது. மாணவர்கள் இதை எளிதில் புரிந்துகொள்கிறார்கள்.

அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி: “கரைசலில் வேண்டாத பொருள் ஒன்று இருந்து, அது இரத்தத்தில் இல்லாவிட்டால் என்ன ஆகும்?” சிறிது யோசித்து அவர்களே சொல்லிவிடுவார்கள்: “அது உள்ளே வந்திரும்!” சவ்வு மூலக்கூற்றின் அளவைத்தான் பார்க்கும், நல்லது கெட்டது பார்க்காது.

நாம் குடிக்கும் தண்ணீரில் வேண்டாதது இருந்தால் உடலுக்குப் பல காவல்கள் உண்டு. இரைப்பை அமிலம் பல கிருமிகளைக் கொல்கிறது. குடலின் சுவர் எல்லாவற்றையும் உறிஞ்சுவதில்லை. உறிஞ்சியவற்றைக் கல்லீரல் கையாள்கிறது, மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. டயாலிசிஸ் நோயாளிக்கு முதல் இரண்டு காவலும் கிடையாது, கரைசலில் உள்ளது நேராக இரத்தத்துக்கு வந்துவிடும். கடைசிக் காவலான சிறுநீரகம் ஏற்கெனவே செயலிழந்திருக்கிறது.

நமக்குக் காவல், அவர்களுக்கு ஆபத்து

மழைக்காலத்தில் முல்லைப் பெரியாற்றில் புதுவெள்ளம் கலங்கலாக வரும். கலங்கல் நீரைத் தெளிய வைக்கச் சுத்திகரிப்பு நிலையங்களில் படிகாரம் சேர்ப்பது வழக்கம். கிருமிகளை ஒழிக்க மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலப்பார்கள். வாந்திபேதியிலிருந்து ஊரைக் காப்பவை இந்த இரண்டும்தான். ஆனால் படிகாரத்தில் இருப்பது அலுமினியம், பிளீச்சிங் பவுடரிலிருந்து வருவது குளோரின். டயாலிசிஸ் தண்ணீரில் இவை இரண்டுமே இருக்கக் கூடாதவை.

குளோரின், தண்ணீரில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமின் ஆகிறது. அது இரத்தத்துக்குள் நுழைந்தால் சிவப்பணுக்கள் உடைந்து கடும் இரத்தசோகை ஏற்படும். அலுமினியம் இரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால், கரைசலில் சிறிதளவே இருந்தாலும் தொடர்ந்து உள்ளே இழுக்கப்பட்டு மூளையிலும் எலும்பிலும் சேர்கிறது.

இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 ஏற்கும் அளவையும், டயாலிசிஸ் நீருக்கான பன்னாட்டுத் தரம் ஐ.எஸ்.ஓ. 23500 அனுமதிக்கும் உச்ச அளவையும் ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். அளவுகள் லிட்டருக்கு மில்லிகிராமில்:

குளோரின்: குடிநீரில் குறைந்தது 0.2 இருக்க வேண்டும். டயாலிசிஸ் நீரில் குளோரமினையும் சேர்த்து 0.1-ஐத் தாண்டக் கூடாது.
அலுமினியம்: குடிநீரில் 0.03 (வேறு நீர் ஆதாரம் இல்லாவிட்டால் 0.2 வரை), டயாலிசிஸ் நீரில் 0.01.
ஃபுளூரைடு: குடிநீரில் 1.0, டயாலிசிஸ் நீரில் 0.2.
கால்சியம்: குடிநீரில் 75, டயாலிசிஸ் நீரில் 2.
மெக்னீசியம்: குடிநீரில் 30, டயாலிசிஸ் நீரில் 4.

முதல் வரியை மாணவர்களிடம் இரண்டு முறை படிக்கச் சொல்லுங்கள். குடிநீரில் கட்டாயம் இருக்க வேண்டிய குறைந்தபட்சக் குளோரின், டயாலிசிஸ் நீரில் இருக்கக்கூடிய அதிகபட்சத்தைப் போல இரு மடங்கு. அதாவது, மிகச் சரியாகக் குளோரின் கலந்த நல்ல குடிநீர், அந்தக் காரணத்தாலேயே டயாலிசிஸுக்குத் தகுதியற்றது.

நம் கிணற்று நீரிலும் போர்வெல் நீரிலும் கவனிக்க வேண்டியவை இன்னும் சில. உப்புப் படியும் கடின நீர் கரைசலில் கலந்தால் குமட்டல், வாந்தி, தளர்ச்சி, இரத்த அழுத்த உயர்வு ஏற்படும். 1960களிலேயே மருத்துவர்கள் இதற்கு ‘கடின நீர் நோய்க்குறி’ என்று பெயரிட்டுவிட்டார்கள். வயலில் இட்ட உரத்திலிருந்து நிலத்தடிக்கு இறங்கும் நைட்ரேட், சிவப்பணுக்கள் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பற்களிலும் எலும்பிலும் பாதிப்பை உண்டாக்கிய ஃபுளூரைடு, டயாலிசிஸ் நோயாளிக்கு இதயத் துடிப்பையே குலைத்துவிடும்.

உலகம் விலை கொடுத்துக் கற்றவை

இந்த அளவுகள் யாரோ மேசையில் அமர்ந்து எழுதியவை அல்ல. பல உயிரிழப்புகள் அவற்றுக்குப் பின்னே உள்ளன.

டயாலிசிஸ் பெற்றுவந்த நோயாளிகள் சிலர் பேச்சுத் தடுமாறி, நினைவிழந்து, வலிப்பு கண்டு இறந்துபோவதை 1970களில் மருத்துவர்கள் கண்டனர். அமெரிக்காவின் டென்வரில் ஆல்ஃபிரே என்ற மருத்துவரும் அவர் குழுவினரும், அவர்களது மூளைத் திசுவில் அலுமினியம் மிகுந்திருப்பதை 1976இல் வெளியிட்டனர்.

1979 நவம்பரில் அமெரிக்காவின் அன்னாபொலிஸ் நகரில் குடிநீரில் ஃபுளூரைடு அளவுக்கு மீறிக் கலந்துவிட்டது. அந்த நீரில் டயாலிசிஸ் பெற்றவர்களில் ஒருவர் இறந்தார். 1993 ஜூலையில் சிகாகோவில் அயனிப் பரிமாற்றப் பிசின் திறன் தீர்ந்துபோய், பிடித்து வைத்திருந்த ஃபுளூரைடை நீரில் விட்டுவிட்டது. ஒரே நாளில் 15 பேரில் 12 பேர் பாதிக்கப்பட்டு, 3 பேர் உயிரிழந்தனர்.

1996இல் கரீபியன் தீவான குராசாவில் புதிய குடிநீர்க் குழாய் பதித்தார்கள். குழாயின் உட்புறம் சிமெண்டுக் கலவை பூசப்பட்டிருந்தது. கடல்நீரைக் காய்ச்சி வடித்த, தாதுக்கள் அற்ற நீர் அந்தப் பூச்சிலிருந்து அலுமினியத்தைக் கரைத்துக்கொண்டு வந்தது. டயாலிசிஸ் நோயாளிகள் 10 பேர் இறந்தனர்.

அதே 1996 பிப்ரவரியில் பிரேசிலின் கருவாரு நகரில் நடந்தது மிகப் பெரிய துயரம். அங்கே ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு, முழுமையாகச் சுத்திகரிக்கப்படாத நீர்த்தேக்கத் தண்ணீர் லாரியில் வந்தது. அதில் நீலப்பச்சைப் பாசி உண்டாக்கிய மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சு இருந்தது. சிகிச்சை பெற்ற 130 பேரில் 116 பேருக்குப் பார்வைக் கோளாறும் குமட்டலும் வாந்தியும் வந்தன. அவர்களில் 100 பேருக்குக் கல்லீரல் செயலிழந்தது, 76 பேர் இறந்தனர். அவற்றுள் 52 மரணங்களுக்கு அந்த நஞ்சே காரணம் என உறுதிசெய்யப்பட்டது.

என் மாணவியின் ‘டேங்கர் லாரி’ கேள்வி எவ்வளவு ஆழமானது என்பது இப்போது புரியும். லாரியில் தண்ணீர் வருவது தவறல்ல. வந்த பிறகு அது எந்தெந்தப் படிகளைக் கடக்கிறது, ஒவ்வொரு படியையும் யார் சோதிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தண்ணீர் கடக்கும் படிகள்

ஒரு டயாலிசிஸ் மையத்தின் சுத்திகரிப்பு அறையில் பொதுவாக இந்த வரிசை இருக்கும்.

முதலில் மணல் வடிகட்டி. கலங்கல், துகள்களைத் தடுக்கும்.

அடுத்து மென்னீராக்கி. பிசின் மணிகள் கால்சியம், மெக்னீசியம் அயனிகளைப் பிடித்துக்கொண்டு சோடியம் அயனிகளை விடும். பிசின் நிறைந்ததும் உப்புக் கரைசலால் கழுவிப் புதுப்பிப்பார்கள். வேதியியலில் நாம் நடத்தும் அயனிப் பரிமாற்றம் இதுவே.

மூன்றாவது, கிளர்வூட்டப்பட்ட கரித்தொட்டி. குளோரினையும் குளோரமினையும் நீக்குவது இதுதான். தேங்காய்ச் சிரட்டையிலிருந்தும் இந்தக் கரியைத் தயாரிக்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்குத் தென்னந்தோப்புகளில் வளரும் நம் மாணவர்களுக்கு இது நெருக்கமான செய்தி. ஒன்று திறன் இழந்தாலும் மற்றொன்று காக்கும்படி இரண்டு தொட்டிகளைத் தொடராக வைப்பது நல்ல நடைமுறை.

நான்காவது, ஆர்.ஓ. எனப்படும் எதிர்ச் சவ்வூடு பரவல். அழுத்தம் கொடுத்துத் தண்ணீரை மட்டும் சவ்வின் வழியே தள்ளி, கரைந்துள்ள உப்புகளில் பெரும்பகுதியைப் பின்தங்க வைக்கும் முறை. குளோரின் இந்தச் சவ்வை அரித்துவிடும், குளோரமினை இந்தச் சவ்வு சரியாகத் தடுக்காது. கரித்தொட்டி இதற்கு முன்னால் இருப்பதற்கு இரண்டுமே காரணம். வரிசை மாறினால் பயன் கெடும்.

இறுதியாக, சுத்தமான நீர் குழாய் வளையத்தில் ஓடி ஒவ்வோர் இயந்திரத்துக்கும் போய், மிச்சம் திரும்பி வரும். நீர் எங்கும் தேங்கக் கூடாது. குளோரினை நீக்கிவிட்டதால் கிருமி வளர்வதைத் தடுக்க நீரில் எதுவும் இல்லை. தேங்கிய இடத்தில் பாக்டீரியா வழவழப்பான படலமாகப் படியும். பாக்டீரியா சவ்வைக் கடக்காவிட்டாலும், அது உடையும்போது வெளிவரும் எண்டோடாக்சின் துணுக்குகள் கடக்கக்கூடும். அதனால் நோயாளிக்கு நடுக்கத்துடன் காய்ச்சல் வரும். ஆகவே குழாய் வளையத்தைக் குறித்த காலத்தில் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். பாக்டீரியா, ஒரு மி.லி.யில் 100 குடியிருப்புகளுக்குக் கீழே இருக்க வேண்டும். 50-ஐத் தொட்டாலே நடவடிக்கை எடுக்க வேண்டும்.

கருவிகளைப் போலவே சோதனைகளும் முக்கியம். குளோரினை ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கும் முன்பு சோதிக்க வேண்டும். கடினத்தன்மையை அன்றாடம் பார்க்க வேண்டும். ஆர்.ஓ. நீரின் மின்கடத்துதிறனை இடைவிடாது கவனிக்க வேண்டும். கிருமி, எண்டோடாக்சின் சோதனை மாதந்தோறும் நடக்க வேண்டும். உலோகங்கள் உள்ளிட்ட முழு வேதிச் சோதனையை ஆண்டுக்கு ஒரு முறையாவது ஆய்வகத்தில் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். பதிவேட்டின் அருமையை ஆசிரியர்களுக்குச் சொல்லத் தேவையில்லை!

“எங்க வீட்லயும் ஆர்.ஓ. இருக்கு டீச்சர், அது போதாதா?” என்று மாணவர்கள் கேட்பார்கள். போதாது. வீட்டுக் கருவிகள் பலவற்றில் சுவைக்காகக் கொஞ்சம் மூலநீரைத் திரும்பக் கலப்பார்கள். சேமிப்புத் தொட்டியில் நீர் மணிக்கணக்கில் தேங்கி நிற்கும். மேலே சொன்ன சோதனைகள் எதுவும் அதில் நடப்பதில்லை. கேன் தண்ணீரும் அப்படித்தான்.

வகுப்பறையில் செய்து பார்க்கலாம்

1. சவ்வு: சோறு வடித்த கஞ்சியை மெல்லிய பாலித்தீன் பையில் ஊற்றி இறுகக் கட்டுங்கள். அயோடின் சில சொட்டு விட்ட தண்ணீரில் அதை வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் பையின் உள்ளே கருநீலம் தோன்றும், வெளியே தோன்றாது. சிறிய அயோடின் உள்ளே போனது, பெரிய ஸ்டார்ச் வெளியே வரவில்லை. யூரியா வெளியேறுவதையும் புரதம் தங்குவதையும், வெளியிலிருந்து நஞ்சு உள்ளே வருவதையும் இந்த ஒரே சோதனையால் விளக்கலாம்.

2. கடினத்தன்மை: மழைநீர், குழாய் நீர், போர்வெல் நீர் மூன்றையும் ஒரே அளவு எடுத்து, ஒரே அளவு சோப்புக் கரைசல் சேர்த்துக் குலுக்குங்கள். நுரையின் உயரத்தை ஸ்கேலால் அளந்து பட்டை விளக்கப்படம் வரையச் சொல்லுங்கள். இதற்குக் குளியல் சோப்பைப் பயன்படுத்துங்கள். டிடர்ஜென்ட் தூள் கடின நீரிலும் நுரைக்கும்.

3. கரி: சிரட்டைக் கரியைப் பொடித்து, மை கலந்த நீரில் இட்டுக் கலக்கி, சில மணி நேரம் கழித்து வடிகட்டுங்கள். நிறம் மங்கும். கரி பரப்பில் ஒட்டவைக்கிறது என்பதும், அந்தப் பரப்பு நிறைந்துவிட்டால் அதன் வேலை நின்றுவிடும் என்பதும் புரியும்.

4. குளோரின்: பேரூராட்சியின் குடிநீர்த் தொட்டிப் பணியாளரைக் குளோரோஸ்கோப்போடு பள்ளிக்கு அழையுங்கள். குழாய் நீரில் மஞ்சள் நிறம் வருவதை மாணவர்கள் நேரில் பார்க்கட்டும். “இந்த நிறம் நமக்கு நல்ல செய்தி, டயாலிசிஸ் அறையில் கெட்ட செய்தி” என்று அங்கேயே சொல்லலாம்.

5. கணக்கு: 10 இயந்திரங்கள், நாளுக்கு 3 ஷிஃப்ட், ஒருவருக்கு 120 லிட்டர். தேவை 3,600 லிட்டர். ஆர்.ஓ.வில் பாதி நீர் வெளியேறிவிடுமானால் உள்ளே செல்ல வேண்டியது 7,200 லிட்டர். கழிவாகும் நீரை எதற்குப் பயன்படுத்தலாம் என்று விவாதிக்கச் செய்யுங்கள். கழிப்பறைக்கு, தரை கழுவ, தோட்டத்துக்கு என்று பல விடைகள் வரும்.

ஆசிரியராக நாம் செய்யக்கூடியவை

இந்தப் பாடத்தை நடத்தும்போது வகுப்பில் டயாலிசிஸ் நோயாளியின் பிள்ளை இருக்கிறதா என்று முன்பே அறிந்துகொள்வது நல்லது. மரணச் செய்திகளைச் சொல்லும்போது, அவற்றிலிருந்து கிடைத்த பாதுகாப்பு விதிகளையும் உடனே சொல்லுங்கள். நான் என் மாணவியிடம் தனியாகச் சொன்னது: “அப்பாவுக்கு வர்ற தண்ணி இத்தனை படி தாண்டித்தான் வருது. பயந்துபோய் ஒரு நாள்கூட டயாலிசிஸை விட்டுடக் கூடாது.” அமர்வைத் தவறவிடுவது உயிருக்கே ஆபத்து என்பதை மாணவர்கள் தெளிவாக உணர வேண்டும்.

டயாலிசிஸின்போது நடுக்கம், காய்ச்சல், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, வழக்கத்துக்கு மாறான குமட்டல் வந்தால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே செவிலியரிடம் சொல்ல வேண்டும். “இன்னைக்குக் குளோரின் பாத்தாச்சா?” என்று குடும்பத்தார் பணிவோடு கேட்பதில் தவறில்லை. நன்றாக இயங்கும் மையம் பதிவேட்டைக் காட்டியே பதில் சொல்லும்.

வயிற்றுச் சவ்வு வழியாக வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸ் முறையும் உண்டு. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான கரைசல் பைகள் வீட்டுக்கே வழங்கப்படுகின்றன. கரைசல் கிருமிநீக்கம் செய்யப்பட்ட பையில் வருவதால் சுத்திகரிப்பு அறை தேவையில்லை. ஆனால் பையை மாற்றும் கை சோப்புப் போட்டுச் சரியாகக் கழுவிய கையாக இருக்க வேண்டும். பள்ளியில் நாம் சொல்லித் தரும் கைகழுவும் முறை ஒரு வீட்டில் மருத்துவமாகவே பயன்படும் இடம் இது.

ஊருக்குத் தண்ணீர் தருபவர்களும் டயாலிசிஸ் மையங்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வேண்டும். வெள்ளக் காலத்தில் குளோரினையோ படிகாரத்தையோ கூட்டும்போது, குழாய் மாற்றும்போது, நீர் ஆதாரத்தை மாற்றும்போது, அருகிலுள்ள மையத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். மையத்தினர் சோதனையைக் கூட்டிக்கொள்வார்கள். இன்று நம் வகுப்பில் இருப்பவர்களில் ஒருவர் நாளை குடிநீர்த் தொட்டிப் பணியாளராகவும், ஒருவர் டயாலிசிஸ் தொழில்நுட்பராகவும், ஒருவர் பேரூராட்சி உறுப்பினராகவும் ஆகக்கூடும். அந்த அழைப்பு ஏன் அவசியம் என்பதை அவர்கள் பத்தாம் வகுப்புக்குள்ளேயே தெரிந்துகொள்ளலாம். அதற்கு வேண்டியவை ஒரு பாலித்தீன் பை, கொஞ்சம் கஞ்சி, சில சொட்டு அயோடின், ஒரு பாடவேளை.